பாட்டி பெயரில் கம்பெனி: 'ஏற்கெனவே உள்ள பெயர் போல இருக்கிறது' என்கிறார்கள், என்ன செய்வது?

கெடிலக்கரை:
நானும் தங்கையும் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் முந்திரி வறுத்து விற்கிறோம். பிரைவேட் லிமிடெட் ஆக்கலாம் என்று, கம்பெனி பதியும் ஆன்லைன் படிவமான ஸ்பைஸ் பிளஸ்ஸில், பெயர் கேட்கும் பாகம் ஏ-வில் 1,000 ரூபாய் கட்டிப் பெயர் கேட்டோம். பாட்டியின் பெயர், பின்னால் 'ஃபுட்ஸ்'. கோயம்புத்தூரில் அதே பெயரோடு 'ஃபுட்' என்று ஒரு கம்பெனி இருக்கிறதாம், மாற்றி அனுப்பச் சொல்கிறார்கள். நடுவில் 'கடலூர்' சேர்த்தால் போதுமா? ஆங்கிலத்தில் ஒரு 'ஏ' கூட்டி எழுதலாமா? முந்திரி உடைத்தே எங்களை வளர்த்தவர். அந்தப் பெயரை விட மனசு வரவில்லை.

வில்லியனூரான்:
தங்கச்சி, இரண்டுமே நிற்காது. ஆடிட்டர் ஆபீஸில் வாராவாரம் பார்க்கிறேன். கம்பெனி பதிவு விதிகளில் 2019-இல் திருத்திய 8-ஆம் விதிப்படி ஒருமை பன்மை, இடைவெளி, புள்ளி, எழுத்துக்கூட்டல், சொற்களை முன்பின் மாற்றுவது எதுவும் வித்தியாசமாக எடுத்துக்கொள்ளப்படாது. ஊர்ப் பெயர் சேர்ப்பதும் அப்படித்தான். அந்தக் கம்பெனி போர்டு தீர்மானம் போட்டு ஆட்சேபணை இல்லை என்று கொடுத்தால்தான் வழி. போன் செய்து கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. ஆனால் 15 நாளுக்குள் பெயரை மாற்றி மறுபடி அனுப்ப வேண்டும், அதை நம்பி உட்காராதீர்கள்.

முந்திரிக்காடு:
எதற்கு இவ்வளவு? ஜிஎஸ்டி-யில் கடைப் பெயராகப் போட்டேன், யாரும் கேட்கவில்லை.

வில்லியனூரான்:
தம்பி, ஜிஎஸ்டி-யில் பெயர் இருப்பதால் அது உங்களுக்குச் சொந்தம் ஆகிவிடாது. தங்கச்சி, கோவைக்காரர் டிரேட்மார்க் பதிந்திருக்கிறாரா? எனக்கு அதுதான் பயம். பதிந்திருந்தால், கம்பெனி கிடைத்த பிறகும் 3 ஆண்டுக்குள் அவர் மனு போடலாம். உத்தரவு வந்தால் 3 மாதத்தில் பெயரை மாற்ற வேண்டும். அச்சடித்த பாக்கெட் எல்லாம் வீண். டிரேட்மார்க்கில் பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள்; வறுத்த முந்திரி 29-ஆம் வகுப்பு, அதில் ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களையும் (ஒலி ஒப்புமை) போட்டுத் தேடுங்கள்.

கெடிலக்கரை:
தேடினேன் அண்ணா. 29-இல் அவர் பெயரும் இல்லை, பாட்டி பெயரில் வேறு எதுவும் இல்லை. 'ஃபுட்ஸ்' இல்லாமல், பாட்டி பெயரோடு 'முந்திரித்தோப்பு' என்று வைக்கலாமா?

வில்லியனூரான்:
இது வேறு பெயர், தாராளமாகக் கேளுங்கள். இரண்டாவது பெயரும் ஒன்று கொடுங்கள். கிடைத்தால் 20 நாள்தான் உங்களுக்காக வைத்திருப்பார்கள், கம்பெனியைப் பதியும் பாகம் பி-க்கான காகிதங்களை இப்போதே தயார் செய்யுங்கள். டிரேட்மார்க்கும் போட்டுவிடுங்கள், சிறு நிறுவனத்துக்கு ஆன்லைனில் 4,500 ரூபாய்.

கெடிலக்கரை:
இன்றே அனுப்புகிறோம். பாட்டியிடம் சொன்னேன், "தோப்பு நம்முது இல்லையேடி" என்றார்.