அகல் விளக்குகளால் கணக்கிடும் மந்திரம்: எந்த விதி போதும்?

கெடிலக்கரை (கடலூர்):
அனைவருக்கும் வணக்கம். கெடிலம் ஆற்றங்கரையில் நடப்பதாக ஒரு மாயக்கதை எழுதி வருகிறேன். அந்த ஊரில் இயந்திரம் எதுவும் இல்லை. ஆனால் மந்திரம் ஓதிய அகல் விளக்கு, தனக்கு முன்னுள்ள விளக்குகளைப் பார்த்துத் தானே எரியும். களஞ்சியத்துக்கு வந்து சேரும் நெல் மூட்டைகளைக் கூட்டிச் சொல்லும் விளக்கு மண்டபம்தான் கதையின் மையம். இரண்டு விதிகள் வைத்திருக்கிறேன்: இரு விளக்குகளும் எரிந்தால் மூன்றாவது எரியும், இரண்டில் ஒன்று எரிந்தாலும் மூன்றாவது எரியும். எரியும் விளக்கு 1, அணைந்த விளக்கு 0 என்று கொண்ட இரும எண்ணில் (1, 0 ஆகிய இலக்கங்கள் மட்டும் உள்ள எண்முறையில்) ஒன்றையும் ஒன்றையும் கூட்ட, இரண்டு வாரங்களாகத் தாளில் வரைந்து பார்த்தும் முடியவில்லை. குறை என் அமைப்பிலா, மந்திரத்திலா? "மந்திரம் என்பதால் நடக்கிறது" என்று எழுதி வாசகரை ஏமாற்ற எனக்கு மனமில்லை.

லாஸ்பேட்டை ஆசிரியர்:
குறை மந்திரத்தில்தான் இருக்கிறது, அம்மா. உங்கள் இரண்டு விதிகளும் விளக்கை ஏற்ற மட்டுமே அறிந்தவை. அவற்றை எத்தனை அடுக்காக அமைத்தாலும், உள்ளே ஒரு விளக்கைக் கூடுதலாக ஏற்றுவதால் வெளியே எரிந்துகொண்டிருக்கும் ஒன்று ஒருபோதும் அணையாது. ஆனால் ஒன்றும் ஒன்றும் சேரும்போது ஒன்றாம் இடத்து விளக்கு அணைந்து, அடுத்த இடத்து விளக்கு எரிய வேண்டும். அணைக்கும் விதி இல்லாமல் கூட்டல் இல்லை.

ஆகவே இரண்டையும் நீக்கிவிட்டு ஒரே விதி வையுங்கள்: இரு விளக்குகளும் எரிந்தால் மட்டும் மூன்றாவது அணையும், மற்ற எல்லா வேளைகளிலும் எரியும். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் நேண்ட் கேட் என்று படித்தது இதுதான். இந்த ஒரே செயலிலிருந்து மற்ற எல்லாத் தர்க்கச் செயல்களையும் கட்டலாம் என்று தர்க்கவியலாளர் ஹென்றி ஷெஃபர் 1913-இல் காட்டினார். முந்தைய இடத்திலிருந்து வரும் மீதியையும் சேர்த்து ஓர் இடத்தைக் கூட்ட 9 விளக்குகள் போதும். 16 இடங்களுக்கு 144 விளக்குகள். இத்தகைய இரண்டு விளக்குகளை ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்தால், கடைசியாக எந்தப் பக்கம் தூண்டப்பட்டது என்பதை அவை நினைவில் வைத்திருக்கும். மண்டபத்துக்கு நினைவாற்றலும் அதனாலேயே கிடைத்துவிடும்.

மாயக்கதை எழுதுபவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. மந்திரத்தின் வலிமை தூரத்துக்குத் தூரம் தேய்வதாக எழுதினால், நாலைந்து அடுக்குகளிலேயே எரிவதற்கும் அணைவதற்கும் வேறுபாடு தெரியாமல் போய்விடும். ஒவ்வொரு விளக்கும் முன்னதன் சுடரைக் கடன் வாங்காமல், தன் எண்ணெயைக் கொண்டு முழுச் சுடராக எரிய வேண்டும். எனவே மண்டபத்துக்கு எண்ணெய்ச் செலவு உண்டு. அதை யார் தருகிறார்கள் என்பதே ஓர் அத்தியாயத்துக்கு ஆகும்.

வேகத்தையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். மேற்சொன்ன அமைப்பில் மீதி கடைசி இடம் வரை ஏறிச் செல்ல நேர்ந்தால், ஒன்றன்பின் ஒன்றாக 36 விளக்குகள் மாற வேண்டியிருக்கும். ஒரு விளக்கு மாற ஓர் இமைப்பொழுது போதுமென்றால் விடை உடனே வந்துவிடும். ஒரு நாழிகை ஆகுமென்றால், நாளுக்கு 60 நாழிகை என்ற கணக்கில், ஒரு கூட்டலுக்கே அரை நாளுக்கு மேல் பிடிக்கும்.

வைத்திக்குப்பம் (புதுச்சேரி):
ஆசிரியர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எல்லா வேலையையும் விளக்குகளிடம் ஒப்படைக்க வேண்டுமா என்று யோசியுங்கள். காலக்கணிதம் பற்றி எழுதிய ஜான் வாரன், நம் புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவரைக் கண்டதைப் பதிவு செய்திருக்கிறார். அவர் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமாக இருந்த சொற்களைக் கொண்டே 1825 மே 31, ஜூன் 1 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் மட்டுமே பிழை இருந்தது. வாக்கியப் பஞ்சாங்க மரபில் சந்திரனின் 248 நாள் இருப்பிடங்கள் 248 வாக்கியங்களாக இருக்கின்றன. எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு என்பதால், வாக்கியத்தை ஓதினாலே எண் வந்துவிடும்.

இங்கே மந்திரம் என்பது நினைவகம், சோழி என்பது கணக்கின் இடைக்கட்ட விடை, விதியை நடத்துபவர் மனிதர். என் விருப்பம் இந்த அமைப்பின் பக்கமே. ஒரு வாக்கியத்தை மறந்த கிழவர் கதைக்குத் தரும் பதைப்பை, அணைந்த விளக்கு தராது.

கெடிலக்கரை (கடலூர்):
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வாக்கியம் ஓதும் பாட்டி ஒருவரை மண்டபத்துக்குள் கொண்டுவருகிறேன். ஆசிரியர் ஐயாவின் விதியைச் சோதித்தபோது, ஒரு விளக்கைத் தன்னையே பார்க்கும்படி வைத்தால் அது எரிந்து, அணைந்து, மீண்டும் எரிந்து, ஓயாமல் மாறுகிறது. எந்த அமைப்பு இப்படி ஓயாது அலையும் என்பதை முன்கூட்டியே சொல்லும் மந்திரத்தை ஊர்த்தலைவர் கேட்பதாக எழுதலாமா?

லாஸ்பேட்டை ஆசிரியர்:
அந்தத் தனி விளக்கை நீக்கிவிடாதீர்கள். மற்ற விளக்குகள் எப்போது மாற வேண்டும் என்று தாளம் கொடுக்க அது உதவும். தலைவர் தாராளமாகக் கேட்கலாம். விளக்குகளுக்கும் காலத்துக்கும் வரம்பே இல்லாத உலகில், எல்லா அமைப்புகளுக்கும் தவறாமல் விடை சொல்லும் அத்தகைய மந்திரம் இருக்க முடியாது. கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1936-இல் எழுதிய கட்டுரையின் வழியே இது நமக்குத் தெரியும். உங்கள் மண்டபத்தில் இருப்பவையோ 144 விளக்குகள்தாம். அவை எடுக்கக்கூடிய நிலைகள் எண்ணி முடிக்கத்தக்கவை, ஆகவே விளக்குகள் மாறிக்கொண்டே இருந்தால் என்றாவது ஒருநாள் பழைய நிலையே திரும்ப வந்தாக வேண்டும்; வந்துவிட்டால் அலைவது உறுதியாகிவிடும். ஆனால் அந்நிலைகளின் எண்ணிக்கை 44 இலக்கம் கொண்டது. சோதிக்கும் வழி இருக்கிறது என்று பாட்டி உண்மையைச் சொல்லலாம். அதற்கு எவ்வளவு எண்ணெய் வேண்டும் என்பதையும் அவரே தலைவருக்குச் சொல்லட்டும்.