மிஸ்டர் சன்ஷைன்: மூன்று எபிசோடு முடிந்தது, தலை சுற்றுகிறது. தொடரலாமா?

மழைக்குருவி:

எல்லோரும் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்களே என்று நானும் இந்தக் கொரிய சீரியலை ஆரம்பித்தேன். காதல் கதை என்று நம்பி உட்கார்ந்தால் முதல் எபிசோடு முழுக்கப் பீரங்கி, அடிதடி, உயிருக்குப் பயந்து ஓடுகிற ஒரு சிறுவன். நாயகி ஒழுங்காக முகம் காட்டுவதற்குள் எனக்கு ஒரு தூக்கமே போட்டு முடிந்துவிட்டது. அப்புறம் அமெரிக்கத் தூதரகம் என்கிறார்கள், ஜப்பான்காரர்கள் தெருவில் வாளோடு திரிகிறார்கள், ரஷ்யா வேறு நடுவில் வருகிறது, ராஜா யாரைப் பார்த்தாலும் பயப்படுகிறார். யார் யாருக்கு எதிரி என்றே புரியவில்லை. மொத்தம் 24 எபிசோடு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல்.

கேள்வி இதுதான். இந்த அரசியலைக் கண்டுகொள்ளாமல் காதலை மட்டும் பிடித்துக்கொண்டு பார்க்க முடியுமா? முடியாது என்றால், குறைந்தபட்சம் என்ன தெரிந்திருக்க வேண்டும்? முடிவை மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

சப்டைட்டில் பிரியை:

முடியாது. முதல் தடவை நான் அப்படித்தான் பார்த்தேன், பாதியில் விட்டுவிட்டேன். இரண்டாம் தடவை கொஞ்சம் வரலாறு படித்துவிட்டு உட்கார்ந்தபோதுதான் பிடித்தது. பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், சில வருடங்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

1871: வணிகக் கதவைத் திற என்று கேட்டுவந்த அமெரிக்கக் கப்பல்கள் கங்ஹ்வா தீவுக் கோட்டைகளைத் தாக்கிய வருடம். ஜோசன் (அப்போது கொரியாவின் பெயர்) தரப்பில் இருநூற்று நாற்பதுக்கும் மேல் செத்தார்கள், அமெரிக்கர்கள் மூன்று பேர். அந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும் சண்டை எப்படி நடந்திருக்கும் என்று. தளபதியின் கொடியைக்கூட விடாமல் தூக்கிக்கொண்டு போனார்கள், அது கடனாகக் கொரியாவுக்குத் திரும்பி வரவே 2007 ஆனது. முதல் எபிசோடில் பார்த்த பீரங்கிச் சண்டை இதுதான். அதே வருடம் அடிமைக் குடும்பத்துப் பையன் யூஜின், பெற்றோர் கண்ணெதிரே சாக, தப்பித்து ஓடிப்போய்ச் சேர்கிற நாடு எது? அதே அமெரிக்கா. அந்த நாட்டுச் சீருடையோடுதான் அதிகாரியாகத் திரும்பி வருகிறான். இதைக் கவனிக்காமல் விட்டால் அவன் முகம் ஏன் எப்போதும் அப்படி இறுகிக் கிடக்கிறது என்பதே புரியாது.

அடுத்தது 1895. ஜப்பான் ஆட்கள் அரண்மனைக்குள்ளேயே புகுந்து ராணியைக் கொன்றார்கள். சில மாதங்களில் ராஜா கோஜோங் ரஷ்யத் தூதரகத்துக்குள் போய் ஒளிந்துகொண்டு ஒரு வருடம் அங்கிருந்துதான் ஆட்சி நடத்தினார். சொந்த ஊரில், அடுத்தவன் தூதரகத்தில்! அந்தப் பயம்தான் நீங்கள் பார்க்கிறது. 1897-ல் வெளியே வந்து தன்னைப் பேரரசர் என்று அறிவித்துக்கொண்டார், ஆனால் பெயர் மாறினால் பலம் வந்துவிடுமா.

1905: ஜப்பான் ரஷ்யாவை ஜெயித்தது, கொரியாவின் வெளியுறவு அதிகாரம் நவம்பர் ஒப்பந்தத்தில் பறிபோனது. இதில் அமெரிக்கா என்ன செய்தது என்பதுதான் இந்தக் கதைக்கு முக்கியம். ஆபத்து வந்தால் நடுவில் நின்று பேசுவோம் என்று 1882 ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள், கோஜோங் அதை மலைபோல நம்பினார். ஆனால் 1905 நவம்பர் ஒப்பந்தம் முடிந்த கையோடு தூதரகத்தைக் காலி செய்துகொண்டு போன முதல் நாடு அதுதான். இப்போது யூஜின் போட்டிருக்கிற சட்டையைப் பாருங்கள். அவனும் நாயகி ஏஷினும் நெருங்குகிற ஒவ்வொரு தடவையும் அந்தச் சட்டை நடுவில் நிற்கும்.

1907 கடைசிக்கு வரும். அதை இப்போது சொல்ல மாட்டேன்.

பழைய ரேடியோ:

மேலே சொன்ன வரலாறெல்லாம் சரி, ஆனால் எல்லோரும் கும்பிடுகிற அளவுக்கு இது ஒன்றும் குறையே இல்லாத சீரியல் இல்லை, அதையும் யாராவது சொல்ல வேண்டும். யூஜினாக நடித்த லீ பியுங்-ஹுன் 1970-ல் பிறந்தவர், ஏஷினாக நடித்த கிம் தே-ரி 1990. திரையில் அந்த இருபது வருடம் தெரியத்தான் செய்கிறது. முதல் ஐந்தாறு எபிசோடு ஊர்கிறது. ஒரு கோப்பைக் காப்பியை மேசையில் வைக்க இவ்வளவு நேரமா என்று கத்தியிருக்கிறேன்.

எனக்குப் பிடித்தது டோங்மே. கசாப்புக்காரர் வீட்டுப் பையன், சாதியில் அடிமட்டம், ஊரே மிதித்த ஆள். ஜப்பானுக்குப் போய் வாளோடு திரும்பி வருகிறான். சின்ன வயதில் ஏஷின் தன் பல்லக்கில் ஒளித்து வைத்து அவன் உயிரைக் காப்பாற்றியிருக்கிறாள், பதிலுக்கு அவன் அவளைத் திட்டியிருக்கிறான். வளர்ந்த பிறகு, அவள் தர வேண்டிய கடனை மாதம் ஒரு காசாக வந்து கொடு என்கிறான். காசுக்காகவா கேட்கிறான்? மாதம் ஒருமுறை முகத்தைப் பார்க்க வேறு வழி இல்லை, அவ்வளவுதான்.

கூடுதலாக ஒரு தகவல். 2018 ஜூலையில் ஒளிபரப்பு ஆரம்பித்த உடனே இவன் பாத்திரத்தால் பெரிய சண்டை வந்தது. ராணி கொலையோடு தொடர்புபடுத்தப்படுகிற ஒரு நிஜ ஜப்பானிய அமைப்பின் ஆளாக முதலில் அவனைக் காட்டினார்கள். அந்த அமைப்புக்காரன்மேல் பரிதாபம் வரவைக்கிறீர்களா என்று கொரியப் பார்வையாளர்கள் கொதித்துவிட்டார்கள், தயாரிப்புத் தரப்பு மன்னிப்புக் கேட்டு அமைப்பின் பெயரைக் கற்பனைப் பெயராக மாற்றியது. அங்கே இந்த வரலாறு இன்னும் ஆறாத புண். நாம் காதல் சீரியல் என்று சோபாவில் சாய்ந்துகொண்டு பார்க்கிறோம்.

இரவுப்பேச்சு:

ரேடியோ அண்ணா, காப்பிக் கோப்பை விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆனால் அந்த மெதுவு காதலுக்குத் தேவைப்படுகிறது. இருவருமே முகத்தை மறைத்துக்கொண்டு ஒரே இரவில் ஒரே ஆளைக் குறிவைத்துக் கூரைமேல் நின்றவர்கள், பிறகு தெருவில் சந்திக்கும்போது அவள் கையை நீட்டி அவன் முகத்தின் கீழ்ப்பாதியை மறைத்துப் பார்ப்பாள். கண்கள் மட்டும் மிச்சம். அடையாளம் தெரிந்துவிட்டது, ஆனால் இரண்டு பேரும் வாய் திறக்க முடியாது. திறந்தால் தூக்குத்தான். காதலும் அரசியலும் ஒரே கையசைவில் வந்துவிடுகிறது பாருங்கள், இதற்கு மேல் என்ன வேண்டும்.

இன்னொன்று, பேச்சைக் கவனியுங்கள். இவர்கள் பேசுகிற ‘-ஓ’ என்று முடிகிற பழைய மரியாதை நடை இன்றைய கொரியப் பேச்சில் கிட்டத்தட்ட இல்லை. சப்டைட்டிலில் அது செத்துப்போகிறது. நம் மொழியில் என்றால் ‘வாரும், அமரும்’ என்கிற மாதிரி ஒரு தொனி, பணிவும் இல்லை, அதட்டலும் இல்லை, சமமாக நிறுத்திப் பேசுவது. அந்த நடையில்தான் ஏஷின், ஆங்கிலத்தில் ‘லவ்’ என்றால் பதவியைவிட நல்லது என்று யாரோ சொன்னதை நம்பி, அர்த்தமே தெரியாமல் அவனிடம் போய் லவ் செய்வோமா என்று கேட்பாள். அவன் சிரிக்காமல், அது துப்பாக்கி சுடுவதைவிடக் கஷ்டம், அதைவிட ஆபத்து என்று பதில் சொல்வான். எனக்கு அந்த இடம் இருபது தடவையாவது ஆகியிருக்கும்.

ஆனால் முழுக் கதையும் தொங்குவது உறைந்த ஆற்றுக் காட்சியில். நீங்கள் அதுவரையாவது போக வேண்டும், மழைக்குருவி. நீ காப்பாற்ற நினைக்கிற ஜோசனில் யார் வாழலாம், கசாப்புக்காரன் வாழலாமா, அடிமை வாழலாமா என்று அவன் கேட்கிற இடம். அடிமை முறை 1894-லேயே காகிதத்தில் ஒழிந்துவிட்டது, அதனால்தான் கேள்வி இன்னும் சுடுகிறது. அவள் உயர்குடிப் பெண், நாட்டுக்காகச் சாகத் தயார், ஆனால் இந்தக் கேள்வியை அவள் வாழ்க்கையில் யாரும் கேட்டதில்லை. அவள் முகம் ரத்தமே இல்லாமல் வெளுத்துவிடும்.

பழைய ரேடியோ:

கேட்டான், சரி. அப்புறம் அந்தக் கேள்விக்குப் பதில் வந்ததா? என் வருத்தமே அதுதான். கடைசிவரை யாரும் அதற்குப் பதில் சொல்லவில்லை, காதல் வந்ததும் கேள்வி நைசாக நகர்ந்துவிட்டது.

சப்டைட்டில் பிரியை:

அவள் பதில் சொல்லவில்லைதான். ஆனால் அதற்குப் பிறகு அவள் யாரோடு சேர்ந்து சாப்பிடுகிறாள், யாருக்காகச் சுடுகிறாள் என்று வரிசையாகப் பாருங்கள்.

(ஸ்பாய்லர், மழைக்குருவி இங்கிருந்து படிக்காதீர்கள்.) 1907 ஆகஸ்ட் 1-ல் கொரிய ராணுவத்தைக் கலைத்தார்கள். படைப்பிரிவுத் தலைவர் பார்க் சியுங்-ஹ்வான் தன்னையே சுட்டுக்கொண்டார், சியோலின் நம்தேமுன் வாசலில் சண்டை மூண்டது, எஞ்சியவர்கள் மலைக்குப் போய்க் குடியானவர்களோடு சேர்ந்தார்கள். அந்த வருடம்தான் மெக்கென்ஸி என்ற பத்திரிகையாளர் உள்நாட்டுக்குள் போய் அவர்களைப் படம் எடுத்தார். பழைய சீருடையில் ஒருவர், வேட்டித் துணி மாதிரி வெள்ளை உடையில் மற்றவர்கள், ஆளுக்கொரு மாதிரி ஓட்டைத் துப்பாக்கி, ஒரு சின்னப் பையன். சீரியலில் அந்தப் படத்தை அப்படியே நிற்கவைத்து எடுத்திருக்கிறார்கள். அதில் உயர்குடி எத்தனை பேர், அடிமை எத்தனை பேர் என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியுமா, ரேடியோ?

பழைய ரேடியோ:

அந்தப் படத்தில் முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இருபது வருட வித்தியாசத்தை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மழைக்குருவி:

ஸ்பாய்லரைத் தாண்டித்தான் குதித்தேன், ‘துப்பாக்கி’ என்ற ஒரு சொல் மட்டும் கண்ணில் பட்டுவிட்டது, பரவாயில்லை.

இந்த ஒரு வாரத்தில் ஆற்றுக் காட்சி வரை வந்துவிட்டேன். முதல் எபிசோடைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், அந்தச் சிறுவன் ஓடுகிற இடத்தில் இந்த முறை தூங்கவில்லை. ஆற்றின்மேல் அவள் அசையாமல் நிற்கும்போது நானும் ரிமோட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆனால் காப்பிக் கோப்பை, ரேடியோ சொன்னது சத்தியமான உண்மை.

யூஜினின் பெற்றோரைக் கொல்லவைத்த வீட்டுப் பேரன்தான் ஏஷினுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை என்பதை ஒருவர்கூட முன்னாடியே சொல்லவில்லையே? அந்த ஆளைப் பார்த்தால் கோபம் வர வேண்டும், அவனோ பூவையும் நிலாவையும் பேசிக்கொண்டு சிரித்த முகத்தோடு வந்து நிற்கிறான், எனக்கு அவனையும் பிடித்துத் தொலைக்கிறது.