கிளாசிக் 350: ஒரு ஃபுல் டேங்க்ல டாண்டில இருந்து லே வரைக்கும் போயிடுமா? எத்தன லிட்டர் கேன் எடுக்கணும்?

திண்டுக்கல்_350:

எல்லாருக்கும் வணக்கம். ஜூலை கடைசில நானும் என் மச்சானும் ஒரே வண்டில லடாக் போறோம். சென்னை சென்ட்ரல்ல வண்டிய பார்சல் போட்டு டெல்லில எடுத்துக்கிட்டு அங்க இருந்து சண்டிகர், மணாலி, லே, திரும்பி வர்றப்ப கார்கில் ஸ்ரீநகர் வழி. வண்டி 2022 ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, டேங்க் 13 லிட்டர். ரெண்டு பேரு, சாடில் பேக், டென்ட்னு லோடு கொஞ்சம் ஜாஸ்திதான்.

என் கவலை பெட்ரோல்தான். மணாலி தாண்டி டாண்டின்னு ஒரு ஊர்ல பங்க் இருக்கு, அத விட்டா அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்னு அங்க போர்டு இருக்கும், எல்லாரும் அதுகிட்ட நின்னு போட்டோ எடுத்து போடுறாங்க. அந்த போர்டப் பாக்கறப்பெல்லாம் எனக்கு வயித்துல புளியக் கரைக்குது. ஊர்ல ஓட்டும்போது 35 தருது, 13 லிட்டருக்கு 455 வரணும், அப்ப தாராளமா போயிடணும் இல்லையா? ஆனா போயிட்டு வந்த ஒருத்தர் ரெண்டு 10 லிட்டர் கேன் இல்லாம கிளம்பாதன்னு சொல்றாரு. இன்னொருத்தர் எதுவுமே வேண்டாங்குறாரு. யாரு சொல்றத எடுத்துக்கறது? மச்சானுக்கு இது முதல் லாங் ட்ரிப், நடுரோட்ல ஆள் அரவமே இல்லாத இடத்துல அவன நிப்பாட்டிடக் கூடாது, அதான் கேக்குறேன்.

பழைய_கார்ப்_வண்டி:

தம்பி, நல்ல கேள்வி, கிளம்புறதுக்கு முன்னாடியே கேட்டீங்க பாருங்க அதுவே பாதி வேலை முடிஞ்ச மாதிரி. நான் பழைய கார்புரேட்டர் 350ல போனவன், அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன்.

மொதல்ல அந்த 35. அத எப்படி கணக்குப் பண்ணீங்க? 200 ரூபாய்க்கு போட்டு எவ்வளவு ஓடுச்சுன்னு பாக்கறது, பெட்ரோல் மீட்டர்ல கட்டி எத்தன குறைஞ்சதுன்னு பாக்கறது, இதெல்லாம் மைலேஜ் கணக்கே இல்ல. டேங்க் நேர் சுவர் வச்ச பெட்டி இல்ல தம்பி, மேல அகலம் கீழ குறுகல், நடுவுல ஃப்ரேமுக்காக பள்ளம் வேற. உள்ள ஒரு மிதவ இருக்கு, அது சொல்றத வச்சுத்தான் மீட்டர் கட்டி காட்டுது. அதனாலதான் மொதல் கட்டி 100 கிலோமீட்டருக்கு அசையாது, கடைசி ரெண்டு கட்டி கண்ண மூடி தொறக்கறதுக்குள்ள போயிடும். மேட்டுல ஏறும்போது ஒண்ணு காட்டும் எறங்கும்போது இன்னொண்ணு காட்டும். மலைப்பயணத்துக்கு அத நம்பவே கூடாது.

சரியான வழி டேங்க் டு டேங்க்தான். சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்க, ஏன்னா சைடு ஸ்டாண்டுல வண்டி சாஞ்சா டேங்க்ல பிடிக்கற அளவே மாறிடும். நாசில் தானா கட் ஆகற வரைக்கும் போடுங்க, அதுக்கு மேல கழுத்து வரைக்கும் நிரப்பச் சொல்லாதீங்க, வெயில்ல பெட்ரோல் விரியும், பிஎஸ்6 வண்டில அந்த ஆவிய பிடிக்கற டப்பாக்குள்ள பெட்ரோலே போயிடும். ட்ரிப் மீட்டர ஜீரோ பண்ணுங்க. 200 கிலோமீட்டருக்கு மேல ஓட்டிட்டு அதே பங்க், அதே பம்ப், அதே மாதிரி நிறுத்தி மறுபடி கட் ஆகற வரைக்கும் போடுங்க. 212 கிலோமீட்டர் ஓடி 6.2 லிட்டர் பிடிச்சா 34.2, அவ்வளவுதான். ஒரு தடவ பத்தாது, மூணு தடவ பண்ணி அதுல கம்மியா வந்தத எடுத்துக்குங்க. சராசரிய எடுக்காதீங்க, ஏன்னா சராசரி நாள்ல யாரும் நடுவழில நிக்கறதில்ல, மோசமான நாள்லதான் நிக்கறோம்.

ரெண்டாவது, 13 லிட்டரும் உங்களுது இல்ல. உங்களுது எஃப்ஐ வண்டி, அதாவது கார்புரேட்டர் இல்லாம பெட்ரோல பீச்சி அடிக்கற வண்டி, அதுல பம்ப் டேங்குக்குள்ளயே பெட்ரோல்ல முங்கிக் கெடக்கும், அந்த பெட்ரோல்தான் அதுக்கு குளிர்ச்சி. வத்த வத்த ஓட்டினா பம்புக்கு கேடு. என் பழைய வண்டில பெட்ரோல் தீர்ற நேரத்துல பெட்ரோல் டேப்ப ரிசர்வுக்கு திருப்புனா தெரிஞ்சிடும், உங்களுக்கு டேப்பே கிடையாது. அதனால ஒன்றரை லிட்டர் இல்லைன்னே நெனச்சுக்குங்க. மீதி 11.5.

மூணாவது அந்த 365. அது ஏறத்தாழ லே ஊருக்கான தூரம். லேக்கு சுமார் 35 கிலோமீட்டர் முன்னாடி காருன்னு ஒரு ஊர்ல பங்க் இருக்கு, அதனால நீங்க தாண்ட வேண்டியது 330 பக்கம்தான். இப்ப வகுத்துப் பாருங்க. தனியா போய் 34 கெடச்சா 11.5 லிட்டருக்கு 391, கேனே வேண்டாம். ரெண்டு பேரு, லோடு, மலைன்னு 28க்கு எறங்குச்சுன்னா 322, காரு பங்க் கண்ணுக்கு தெரியறதுக்கு முன்னாடி முடிஞ்சிடும். வேண்டாம்னு சொன்னவரும் பொய் சொல்லல, வேணும்னு சொன்னவரும் பொய் சொல்லல, அவங்கவங்க லோடுல அவங்கவங்க கண்டத சொல்லிருக்காங்க.

கோயமுத்தூர்_ஸ்ப்ளெண்டர்:

அண்ணன் சொன்னது அத்தனையும் சரிங்க. நான் ஸ்ப்ளெண்டர் ப்ளஸ்ல தனியா போனேனுங்க. 9.8 லிட்டர் டேங்க்தான், ஆனா சமவெளில 65 தர்ற வண்டி மலைல 50 குடுத்தாக்கூட 8.5 லிட்டர்ல 425 வருது. கேன் கட்டாமயே போய் சேந்தேனுங்க, ஒரு சொட்டு கவலை இல்ல. பெரிய டேங்க் இருந்தா தூரம் போகலாம்னு நெறைய பேரு நெனைக்கறாங்க, டேங்க் பாதி மைலேஜ் பாதிங்க. ஏத்தத்துல ஃபர்ஸ்ட் கியர்லயே உருண்டேன்ங்கறது வேற விஷயம், அவ்வளவு உசரத்துல 100சிசில அதுக்கு மேல எதிர்பாக்கறது தப்புங்க.

ஒண்ணு மட்டும் சேத்துக்கறேனுங்க. நம்ம கணக்கு பூரா பங்க் மீட்டர் காட்டற லிட்டர நம்பித்தான் இருக்குது. ஜீரோ பாத்துட்டு போடச் சொல்லுங்க. சந்தேகம் வந்தா ஒவ்வொரு பங்க்லயும் முத்திர குத்துன 5 லிட்டர் அளவு கேன் இருக்கும், அதுல புடிச்சு காட்டுங்கன்னு கேக்க நமக்கு உரிமை இருக்குதுங்க. எங்க ஊரு பக்கம் ஒரு பங்க்ல நான் போட்டப்பெல்லாம் மைலேஜ் 5 கம்மியா வந்துச்சு, வண்டிய ரெண்டு தடவ சர்வீஸ் விட்டேன், கடைசில பங்க மாத்துனதும் சரியாயிருச்சு. அதனால சோதிக்கறப்ப ஒரே பங்க்ல பண்ணுங்க, அந்த பங்கயும் ஒருக்கா சோதிச்சுக்குங்க.

திண்டுக்கல்_350:

ரெண்டு அண்ணனுக்கும் ரொம்ப நன்றி. நான் 35னு சொன்னது ரூபா கணக்குல பாத்ததுதான், டேங்க் டு டேங்க் பண்ணல. இந்த வாரம் பண்றேன். அந்த உசரத்துல ஆக்சிஜன் கம்மின்னு சொல்றாங்களே, அதனால மைலேஜ் குறையுமா, இல்ல பெட்ரோலும் கம்மியாத்தான் போகும்னு கூடுமா? யூடியூப்ல ரெண்டு விதமாவும் சொல்றாங்க.

பழைய_கார்ப்_வண்டி:

கார்புரேட்டர் வண்டிக்கும் எஃப்ஐ வண்டிக்கும் பதில் வேற தம்பி. அங்க 5000 மீட்டர் உசரத்துல காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல பாதிக்கு கொஞ்சம் மேலதான். கார்புரேட்டருக்கு அது தெரியாது, ஜெட் ஓட்டை என்னவோ அதே பெட்ரோல விட்டுக்கிட்டே இருக்கும், காத்து பத்தாம பாதி எரியாம வெளிய போகும். பாரலாச்சா லாங்கற கணவாய் ஏறும்போது (லான்னா கணவாய்) என் வண்டி கரும்புகை விட்டுச்சு, அதத் தாண்டி சர்ச்சுங்கற எடத்துல ஸ்பார்க் பிளக்க கழட்டிப் பாத்தா கரி அப்பிக் கெடக்கு. மைலேஜ் 22க்கு வந்துடுச்சு. உங்க வண்டில சென்சார் காத்தழுத்தத்த அளந்து பெட்ரோல கொறச்சு விடும், அதனால அந்த வீண் செலவு கிடையாது.

ஆனா பவர் போயிடும், அது எல்லா வண்டிக்கும்தான். பவர் இல்லாததால மூணாவது கியர்ல ஏற வேண்டிய மேட்ட ஒண்ணுலயும் ரெண்டுலயும் ஏறுவீங்க, இன்ஜின் சுத்து அதிகம், ஓடற தூரம் கம்மி. பெட்ரோல் அங்கதான் போகுது. அந்த வழிய மனசுல ஓட்டிப் பாருங்க: டாண்டில இருந்து பாரலாச்சா லா வரைக்கும் ஏத்தம், சர்ச்சுக்கு எறக்கம், அப்புறம் காட்டா லூப்ஸ்னு 21 கொண்டை ஊசி, நக்கீ லா, லாச்சுங் லா, பாங் எறக்கம், அதுக்கப்புறம் மோரே சமவெளி 40 கிலோமீட்டர் மேச மாதிரி, மறுபடி 5300 மீட்டர் தங்லங் லா, அங்க இருந்து உப்ஷி வரைக்கும் எறக்கம்தான். மோரேல ரோடு நல்லா இருக்குன்னு 90ல முறுக்கத் தோணும், எதிர்காத்து அங்க பேய்க்காத்து. 60ல போங்க, ஏத்தத்துல விட்டதுல கொஞ்சம் அங்க திரும்பக் கிடைக்கும்.

ரெண்டு_சக்கரம்_மதுரை:

நான் மொதல் தடவ வீட்டுக்காரர் பின்னாடி உக்காந்து போனேன், அடுத்த வருஷம் தனி வண்டில போனேன், அதனால கேன் விஷயத்த மட்டும் சொல்றேன் தம்பி.

20 லிட்டர் தயவுசெஞ்சு கட்டாதீங்க. பெட்ரோல் லிட்டருக்கு முக்கா கிலோ, 20 லிட்டர்னா 15 கிலோ. ஏற்கனவே ரெண்டு பேரும் டென்ட்டும் இருக்கற வண்டில அத பின் சக்கரத்துக்கும் பின்னாடி கட்டினா முன்சக்கரம் லேசாயிடும், தண்ணி ஓடற ஓடைய தாண்டும்போது வண்டி சொன்ன பேச்சு கேக்காது. நாங்க மொதல் தடவ அப்படித்தான் 20 லிட்டர் கட்டிட்டுப் போனோம், ஜிங் ஜிங் பார் பக்கம் ஓடைல சாஞ்சு என் கால் வண்டிக்கு அடில மாட்டிக்கிச்சு. கடைசில அந்த 20 லிட்டர்ல 4 லிட்டர் கூட தேவைப்படல, மீதிய லேல வேற வண்டிக்காரங்களுக்கு குடுத்தோம். அத நெனச்சா இப்பவும் எனக்கு ஆத்தாமையா இருக்கு.

5 லிட்டர் இரும்பு கேன் ஒண்ணு போதும். பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் வேண்டவே வேண்டாம், நெறைய பங்க்ல அதுல தரவும் மாட்டாங்க. கேன கழுத்து வரைக்கும் நிரப்பாதீங்க, மேல போகப்போக வெளி அழுத்தம் குறைஞ்சு கேன் உப்பும், ஒரு கை அளவு எடம் விடுங்க, தொறக்கறப்ப மூடிய மெதுவா திருகி காத்த விட்டுட்டு தொறங்க. சைலன்சர் இருக்கற வலது பக்கம் கட்டாதீங்க, இடது பக்கம், எவ்வளவு முன்னாடி எவ்வளவு கீழ கட்ட முடியுமோ அங்க. அதவிட முக்கியம், கேன மணாலில நிரப்பிட்டு கிளம்பாதீங்க. மணாலிக்கும் டாண்டிக்கும் நடுவுல இருக்கற அடல் டனல் 9 கிலோமீட்டர் நீளம், அதுக்குள்ள பெட்ரோல் கேனோட போறது சரியில்ல. டாண்டி டனலுக்கு அந்தப் பக்கம்தானே, அது வரைக்கும் கேன் காலியா இருக்கட்டும். அங்க டேங்கயும் கேனையும் சேத்து நிரப்பிக்கலாம்.

150 கிலோமீட்டர் ஓடினதும் டேங்க்ல எடம் வந்திருக்கும்ல, அப்பவே கேன டேங்க்ல ஊத்திடுங்க. கேன்ல சுமக்கறத விட டேங்க்ல இருக்கறது பத்திரம், வண்டிக்கும் பேலன்ஸ். சர்ச்சுல பாங்ல டென்ட் கடைங்கள்ல பாட்டில்ல விப்பாங்க, விலையும் ஜாஸ்தி என்ன கலந்திருக்கும்னும் தெரியாது, அத நம்பி கணக்குப் போடாதீங்க.

கோயமுத்தூர்_ஸ்ப்ளெண்டர்:

அக்கா சொன்னது நூத்துக்கு நூறுங்க. இன்னொண்ணு, வண்டிய ட்ரெயின்ல போடறப்ப டேங்க சுத்தமா காலி பண்ணச் சொல்லுவாங்க. அத வீணா நெனைக்காதீங்க, டெல்லில எறக்குனதும் பாட்டில்ல கொஞ்சம் ஊத்தி பக்கத்து பங்க் வரைக்கும் போயி ஃபுல் பண்ணுங்க, உண்மைல எத்தன லிட்டர் பிடிக்குதுன்னு அன்னைக்குத்தான் தெரியும். அப்புறம் சண்டிகர்ல ஃபுல், மணாலில ஃபுல். அந்த 300 கிலோமீட்டர் உங்க ரெண்டு பேரு, உங்க லோடு, பாதிக்கு மேல மலை. அதவிட நல்ல சோதனை நம்ம ஊர்ல கிடைக்காதுங்க.

திண்டுக்கல்_350:

பத்து நாள் கழிச்சு வந்து எழுதறேன், மன்னிக்கணும், நீங்க சொன்னத முழுசா பண்ணிட்டு வந்து சொல்லலாம்னு இருந்தேன்.

டேங்க் டு டேங்க் மூணு தடவ பண்ணேன். ஊருக்குள்ள தனியா 33.1, மதுரை ரோட்ல 70ல போனப்ப 36.4, அதே ரோட்ல 95ல போனப்ப 29.8. ஒரே வண்டி, ஒரே ரோடு, ஒரே ஆளு, 25 கிலோமீட்டர் வேகத்துக்கு 6 கிலோமீட்டர் மைலேஜ் போகுதுன்னு கண்ணால பாத்தப்புறம்தான் நம்புனேன். டயர்ல காத்து வேற சொன்ன அளவ விட 6 கம்மியா இருந்துச்சு, அத சரி பண்ணிட்டுத்தான் இந்த மூணும்.

அப்புறம் போன ஞாயித்துக்கெழமை மச்சான், சாடில் பேக், டென்ட் எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு கொடைக்கானல் போனோம். வத்தலக்குண்டுல ஃபுல் பண்ணி மேல போய் மறுபடி ஃபுல் பண்ணதுல 64 கிலோமீட்டருக்கு 2.5 லிட்டர், 25 சொச்சம். தூரம் கம்மி, ஒரு டம்ளர் முன்ன பின்ன ஆனாலே கணக்கு மாறிடும்னு எனக்கும் தெரியுது. போயிட்டு வந்த மொத்தம் 196க்கு 6.3 லிட்டர், 31.1 வருது. எறக்கம் பாதிய திருப்பிக் குடுத்திடுது. லடாக்ல ரோடும் உசரமும் இதவிட மோசம், அதனால 27னு வச்சுக்கிட்டேன். 11.5 லிட்டருக்கு 310, காருவுக்கு 20 கிலோமீட்டர் குறையுது. 5 லிட்டர் கேன் 135 குடுக்கும். மொத்தம் 445. ரோடு மூடி கொஞ்ச தூரம் திரும்பி வர வேண்டி வந்தாலும் தாங்கும்.

10 லிட்டர் கேன் ரெண்டையும் வாங்குன கடைலயே திருப்பிக் குடுத்துட்டு 5 லிட்டர் இரும்பு கேன் ஒண்ணு வாங்கிட்டேன். மதுரை அக்கா, இடது பக்கம் சாடில் பேக்குக்கு முன்னாடி கால் வைக்கற கம்பி பக்கத்துல கேன தாங்கற ஸ்டே (இரும்பு சட்டம்) அடிச்சு மாட்டலாம்னு இருக்கேன், மச்சான் கால்ல இடிக்குமா?

ரெண்டு_சக்கரம்_மதுரை:

இடிக்கும் தம்பி, கொண்டை ஊசில அவரு கால் அசைக்க எடம் வேணும். ஒரு சாண் பின்னாடி தள்ளி அடிங்க, சாடில் பேக்க கொஞ்சம் மேல தூக்கி கட்டிக்கலாம். ஸ்டே அடிச்சதும் கேன்ல 5 லிட்டர் தண்ணி ஊத்தி, அவர பின்னாடி உக்கார வச்சு இன்னொரு தடவ கொடைக்கானல் ஏறி எறங்குங்க. பெட்ரோல விட தண்ணி கனம் ஜாஸ்தி, ஸ்டே அத தாங்கிட்டா இத தாங்கும். எறங்கி வந்ததும் நட்டு போல்ட்டெல்லாம் கைய வச்சுப் பாருங்க.