பெரிய ஹீரோ, பெரிய பட்ஜெட், ஆனா படம் ஏன் ஊத்திக்குது?

கடைசிபெஞ்ச்: 2024-ல இந்தியன் 2, கங்குவா, அடுத்த வருஷம் தக் லைஃப். மூணுலயும் பெரிய தலைங்க, காசும் தண்ணியா செலவு. அதே 2024-ல லப்பர் பந்து மாதிரி சின்ன படம் பிச்சுக்கிட்டு ஓடுது. எங்கதான் கோட்டை விடறாங்க?

ரீல்பெட்டி: பட்ஜெட்னு சொல்றதுல பாதிக்கு மேல ஹீரோ சம்பளமாவே போற படமெல்லாம் இருக்கு ப்ரோ, அது ஸ்கிரீன்ல தெரியாது. ஹீரோ டேட் கிடைச்சதும் ரிலீஸ் தேதியை அறிவிச்சு ஓடிடி, சாட்டிலைட் (டிவி) ரைட்ஸை வித்து முடிச்சுடறாங்க, கதையை அப்புறம் ஷூட்டிங் ஸ்பாட்ல உக்காந்து தேத்தறாங்க. இப்போ ஓடிடிக்காரங்களும் கையை இறுக்கிட்டாங்க, தியேட்டர் காசை நம்பித்தான் ஆகணும்.

மொக்கைராசு: கங்குவா முதல் நாளே பாத்தேன், படத்துல ஆளாளுக்கு கத்துறாங்க, பக்கத்து சீட்ல ஒரு குழந்தை ரெண்டு காதையும் பொத்திக்கிட்டே உக்காந்திருந்துச்சு. அப்புறம் தயாரிப்பாளரே வால்யூமை ரெண்டு பாயிண்ட் குறைக்கச் சொன்னாரு 😂 இந்தியன் 2-வையும் ரிலீசுக்கு அப்புறம் 12 நிமிஷம் வெட்டினாங்க. இதை ரிலீசுக்கு முன்னாடி நாலு பேருக்கு போட்டுக் காட்டியிருந்தா தெரிஞ்சிருக்குமே?

ரீல்பெட்டி: காட்டுவாங்க, ஆனா கூட இருக்கறவன் எவன் நல்லா இல்லன்னு சொல்லுவான் 🙂

கடைசிபெஞ்ச்: அதுவும் சரிதான். முன்னாடியெல்லாம் சுமார் படமே ரெண்டு வாரம் ஓடிடும், இப்போ காலை ஷோ இன்டர்வெல்லயே ட்விட்டர்ல ரிசல்ட் வந்துடுது, சாயங்கால ஷோவுக்கு சீட்டு காலி.