கவுன்டி ஷெரிஃப்: உங்கள் ஊரில் எந்த வேலைக்கு வந்தார்?

மக்காச்சோளக்காடு (நெப்ராஸ்கா):

அமெரிக்காவில் கவுன்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி. அதன் போலீஸ் தலைவர்தான் ஷெரிஃப், பெரும்பாலும் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். ஷெரிஃப் என்றால் நமக்கெல்லாம் தொப்பி, குதிரை, துப்பாக்கிதான். நான் முதன்முதலாக ஷெரிஃப் ஆபீஸ் படியேறியது கார் பதிவுக்காக. வெளிமாநில வண்டியை நெப்ராஸ்காவில் நம் பெயருக்குப் பதிய வேண்டுமென்றால், முதலில் கவுன்டி ஷெரிஃப் ஆபீஸில் காட்டிப் படிவம் வாங்க வேண்டும். கட்டணம் 10 டாலர். டார்ச்சோடு ஒரு டெபுடி (ஷெரிஃபின் கீழ் வேலை பார்க்கும் அதிகாரி) வெளியே வந்தார். முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் வண்டி நம்பரையும் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் நம்பரையும் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டார், ஓடிய மைலைக் குறித்தார், கையெழுத்துப் போட்டார். திருட்டு வண்டி கைமாறாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடாம். சிறையும் அதே கட்டடத்தில்தான். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மா, உள்ளே இருக்கும் மகன் கணக்கில் பணம் போட வந்திருந்தார்.

நகரத்துக்காரர்களுக்குச் சிட்டி போலீஸ் இருக்கும். நகர எல்லைக்கு வெளியே இருப்பவர்களுக்கு எல்லாவற்றுக்கும் இவர்தான். சின்ன கவுன்டிகளில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

ஒஹாயோ டாக்டர்:

ஜே-1 விசாவில் (வெளிநாட்டு டாக்டர்கள் பயிற்சிக்கு வரும் விசா) படித்து முடித்தவர்கள் டாக்டர் பற்றாக்குறையுள்ள இடத்தில் 3 வருஷம் வேலை பார்த்தால் ஊர் திரும்பும் நிபந்தனையிலிருந்து விலக்கு கிடைக்கும். நான் தென்கிழக்கு ஒஹாயோவுக்கு வந்தது அப்படித்தான்.

இங்கே பனி அவசரநிலையை அறிவிப்பது கவர்னர் இல்லை, கவுன்டி ஷெரிஃப். லெவல் 1 என்றால் பார்த்து ஓட்டு. லெவல் 2 என்றால் கட்டாயம் போக வேண்டியவர்கள் மட்டும். லெவல் 3 வந்துவிட்டால் அவசரப் பணியில் இல்லாதவர்களுக்கு ரோடு மூடல். மீறி ஓட்டினால் கைதுகூடச் செய்யலாம். 88 கவுன்டி, 88 ஷெரிஃப். பாலத்துக்கு இந்தப் பக்கம் 2, அந்தப் பக்கம் 3 என்று இருப்பதும் உண்டு.

அப்படி ஒரு லெவல் 3 விடிகாலையில் எனக்கு டூட்டி. போகலாமா என்று ஷெரிஃப் ஆபீஸுக்குப் போன் செய்தேன். "ஆஸ்பத்திரி ஆள்னா தாராளமா போகலாம். ஆனா உங்க ரோட்டுல இன்னும் பனி வாரலையே, எப்படிப் போவீங்க?" என்றார் போனை எடுத்தவர். முகவரி கேட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு டெபுடி பெரிய வண்டியோடு வாசலில் நின்றார். பின்சீட் கைதிகளுக்கானது, வெறும் கடினமான பிளாஸ்டிக். என்னை முன்னால் உட்காரச் சொன்னார். எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு லேப்டாப், பூட்டி நிறுத்திய துப்பாக்கி, பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வழியில் ஒரு வீட்டு முன் நிறுத்தி, "இவருக்கு ஆக்சிஜன் மெஷின். இந்தப் பக்கம் கரண்ட் இல்லை. எட்டிப் பார்த்துட்டு வந்துடறேன்" என்றார். நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வேலிக்கதவைத் திறந்தார். நானும் பின்னாலேயே போனேன். பெரியவர் சிலிண்டருக்கு மாறியிருந்தார். அளவு முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. டெபுடி ரேடியோவில் பேசி, ஆம்புலன்ஸ்காரர்களிடமிருந்து இன்னொரு சிலிண்டருக்கு ஏற்பாடு செய்தார். நான் நாடி பார்த்தேன். எனக்கு அன்று அதுதான் முதல் நோயாளி.

வண்டியில் ஏறியதும், அந்தப் பக்கம் அந்த மாதிரி எத்தனை வீடு, யார் தனியாக இருக்கிறார்கள் என்று மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மேலதிகாரியைப் பற்றிக் கேட்டேன். "அடுத்த வருஷம் எலெக்‌ஷன், எங்க ஷெரிஃப் இப்ப ரொம்ப நல்லவர்" என்று சிரித்தார்.

காற்றாலைக்காரன் (மேற்கு டெக்சஸ்):

டாக்டரம்மா கதைக்கு முன்னாடி என் கதை காமெடி. ராத்திரி டர்பைன் ரிப்பேர் முடிச்சு வர்றேன், ரோட்டுக்கு நடுவுல ஏழெட்டு மாடு. இடிச்சா மாடும் காலி, நானும் காலி. அவசர உதவி நம்பர் 911 அடிச்சேன். டெபுடி வந்தாரு, லைட்டைப் போட்டு ரோட்டை மறிச்சாரு, என்னையும் இறக்கிவிட்டு மாடு ஓட்ட வச்சாரு! பொள்ளாச்சிக்காரன்கிட்டயா? ரெண்டு அதட்டல்ல அத்தனையும் வேலிக்குள்ள.

டெக்சஸ் சட்டப்படி அவுத்துவிட்ட மாடு ஷெரிஃப் பொறுப்பு. புடிச்சு அடைச்சு, சூட்டுக்குறி பார்த்து, சொந்தக்காரரைத் தேடி, அறிவிப்புப் போடணும். யாரும் வரலைன்னா ஏலம். பத்தாயிரம் பேருக்குக் கீழ இருக்கிற கவுன்டில வரி வசூலையும் ஷெரிஃபே பார்க்கலாம்னு மாநில அரசியல் சட்டத்துலயே இருக்கு. லவிங் கவுன்டின்னு ஒண்ணு, 2020 கணக்கெடுப்புல மொத்த ஜனமே 64 பேர். அங்க அப்படித்தான்.

மளிகைக்கடை (அலபாமா):

எல்லாரும் நல்லதாகவே எழுதுகிறீர்கள். என் கடைக்கு டெபுடி வந்தது கோர்ட் சம்மன் கொடுக்க. நம்மூர் அமீனா வேலையும் இவர்களுடையதுதான்: சம்மன், ஜப்தி, வீடு காலி செய்வது எல்லாம். பழைய வாடகைத் தகராறு ஒன்று. பத்துப் பேர் முன்னால், இடுப்பில் துப்பாக்கியோடு காகிதத்தை நீட்டினால் எப்படி இருக்கும்? அடுத்த வாரம் வரை கடையில் அதே பேச்சு. அவர் மரியாதையாகத்தான் பேசினார், இல்லையென்று சொல்லவில்லை.

எனக்குப் பயம் வேறு. இந்த மனிதர் கையில்தான் சிறையும் இருக்கிறது. அலபாமாவில் கைதிச் சாப்பாட்டுக்கு மாநிலம் தலைக்கு ஒரு நாளைக்கு 1.75 டாலர் கொடுத்தது. மிச்சத்தை ஷெரிஃப் தன் பையில் போட்டுக்கொள்ளலாம் என்று பழைய சட்டம். மார்கன் கவுன்டி ஷெரிஃப் கிரெக் பார்ட்லெட் 3 வருஷத்தில் 2,12,000 டாலர் எடுத்துக்கொண்டார். வாரக்கணக்கில் கைதிகளுக்குக் குச்சியில் குத்திய கார்ன் டாக் (சோளமாவில் தோய்த்துப் பொரித்த சாசேஜ்) தான் சாப்பாடு. 2009 ஜனவரியில் ஃபெடரல் நீதிபதி அவரையே ஒரு ராத்திரி உள்ளே வைத்தார். அந்தச் சட்டத்துக்கு முடிவு வந்தது 2019இல். ஷெரிஃபைத் தட்டிக்கேட்க மேலே பெரிய அதிகாரி யாரும் இல்லை, ஓட்டுப் போடுபவர்தான். நானோ கிரீன் கார்டு. வரி கட்டுகிறேன், ஓட்டு இல்லை.

கனெக்டிகட்வாசி:

எங்கள் மாநிலத்தில் ஷெரிஃபே கிடையாது. 2000இல் ஓட்டெடுத்துப் பதவியையே ஒழித்துவிட்டார்கள். சம்மன் கொடுக்க மார்ஷல் வருவார். மாடு வந்தால் என்ன செய்வது, தெரியவில்லை.

மக்காச்சோளக்காடு:

@மளிகைக்கடை, சிறையில் இருக்கும் மகனுக்குப் பணம் போட வந்த அந்த அம்மா கையில் வைத்திருந்த ரசீதைப் பார்த்தபோது எனக்கும் அதே யோசனைதான் வந்தது. டாக்டர், ஒஹாயோவுக்கு மாறும் நண்பர் ஒருவர் கேட்கிறார்: லெவல் அறிவிப்பை எங்கே பார்ப்பது?

ஒஹாயோ டாக்டர்:

எங்கள் ஷெரிஃப் ஆபீஸ் ஃபேஸ்புக் பக்கத்தில் முதலில் வரும், பிறகு உள்ளூர் டிவியில். 911 வேறு, ஆபீஸ் நம்பர் வேறு. இரண்டையும் போனில் ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். பக்கத்துக் கவுன்டியில் வேலை என்றால் அந்த ஊர் நம்பரும் வேண்டும்.