இலவச இண்டி கிறிஸ்துமஸ் பாடல்களை எங்கே தேடுவது?

நண்பர்களே, ஒரு உதவி. இண்டி, அதாவது பெரிய நிறுவனங்களைச் சாராத சின்ன இசைக்குழுக்கள் டிசம்பரில் இலவசமாகவோ சில பிரதிகள் மட்டுமோ வெளியிடும் கிறிஸ்துமஸ் பாடல்களை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? அமெரிக்கப் பாடகர் சுஃப்யான் ஸ்டீவன்ஸ் 2001 முதல் வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் பரிசாகப் பதிவு செய்தவைதான் 2006இல் ஐந்து சிடி பெட்டியாக வந்தன. அந்த நெருக்கம் கடைகளில் ஒலிக்கும் பாடல்களில் இல்லை.

கலைஞர்கள் நேரடியாகப் பாடல்களை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் 'கிறிஸ்துமஸ்' டேக்கைப் பார்க்கிறேன். விலைப் பெட்டியில் பூஜ்யம் போட்டாலே சில பாடல்கள் இறங்கிவிடும். ஆனால் கலைஞருக்கு மாதம் 200 இலவசப் பதிவிறக்கம்தான் ஒதுக்கீடு. அது தீர்ந்தால் போச்சு. 7 அங்குல இசைத்தட்டு, கேசட் என்றால் இன்னும் சிரமம்.

முன்கூட்டியே தகவல் தரும் லேபிள்கள் (இசை வெளியீட்டு நிறுவனங்கள்), வானொலி நிகழ்ச்சிகள் தெரிந்தால் சொல்லுங்கள். கிதாரும் ஒற்றைக் குரலுமாக, வீட்டிலேயே பதிவானவை என்றால் ரொம்பச் சந்தோஷம். நவம்பருக்குள் தெரிந்தால் நல்லது.