தனியே அமர்ந்து கற்பதா, நாலு பேரோடு கற்பதா?

நெடுவழி:
நாற்பதைத் தாண்டிய பிறகு புதிதாக ஒன்றைக் கற்க நினைப்பவரிடம், வகுப்பில் சேருங்கள், குழுவில் சேருங்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நான் மாறுபடுகிறேன். வகுப்பில் கேட்கும்போது எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும். பிறகு புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, வெள்ளைத் தாளில் அதே கணக்கு நிறுவலை எழுதிப் பாருங்கள். மூன்றாவது வரியில் பேனா நின்றுவிடும். அப்போது கைபேசியைத் தொடாமல், யாரையும் கேட்காமல் உட்கார்ந்திருக்கும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் மனிதர் வளர்கிறார். கணித அறிஞர் ஆண்ட்ரூ வைல்ஸ், முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக யாராலும் நிறுவ முடியாதிருந்த ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தோடு ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் வீட்டு மாடி அறையில் தனியாகத்தான் போராடினார்.

கூர்முனை:
வைல்ஸ் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள், ஐயா. 1993 ஜூனில் கேம்பிரிட்ஜில் அவர் அறிவித்த நிறுவலில் ஓட்டை இருந்தது. கையெழுத்துப் படியை வரிவரியாகச் சோதித்த சக கணித அறிஞர் நிக் காட்ஸ் கேட்ட கேள்விகளில்தான் அது வெளிப்பட்டது. 1994 செப்டம்பரில் அது அடைபட்டபோது, முன்னாள் மாணவர் ரிச்சர்ட் டெய்லர் வைல்ஸுக்குத் துணையாக இருந்தார்.

நான் பியானோ கற்பிக்கிறேன். தாமாகவே பழகி வருபவர்களின் கையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஸ்வரங்கள் ஏறும்போது கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு அடியில் நுழைந்து போக வேண்டும். அவர்களோ கையையே தூக்கி அடுத்த இடத்தில் வைப்பார்கள். மெதுவாக வாசிக்கும்வரை காதுக்குக் குறை தெரியாது. வேகம் கூடியதும் இடறும். அதற்குள் தவறு கையில் ஊறிப்போயிருக்கும். அதை மறக்கடிப்பது, முதலிலிருந்து கற்பிப்பதைவிடக் கடினம்.

நெடுவழி:
வாரத்துக்கு ஒருமுறை நீங்கள் விரலைத் திருத்துகிறீர்கள். திருத்திய விரலை மறுவாரம்வரை பழக்குவது யார்? உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய சகாக்களும் பெர்லினில் வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட முடிவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிறந்து விளங்கியவர்கள் தனியே சாதகம் செய்வதில் மற்றவர்களைவிட அதிக நேரம் செலவிட்டிருந்தார்கள்.

அந்திவெயில்:
இருவருமே ஒன்றை மறந்துவிட்டீர்கள். தனிமை எல்லோருக்கும் இனிப்பதில்லை. 2014இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில், எதுவும் செய்யாமல் 15 நிமிடம் தனியறையில் இருக்கச் சொன்னார்கள். விரும்பினால் பொத்தானை அழுத்தித் தமக்கே மின்னதிர்ச்சி கொடுத்துக்கொள்ளலாம். 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் அழுத்தினார்கள்! தவிர, படுக்கையில் இருக்கும் முதியவரைக் கவனித்துக்கொள்பவர் எந்தக் கதவைச் சாத்துவார்? அவரைப் போன்றவர்களுக்கு வாரம் ஒரு மணி நேரக் குழுச் சந்திப்புதான் கல்வி. அதைக் குறைவாகப் பேசாதீர்கள்.

நெடுவழி:
அந்த ஒரு மணி நேரத்தை நான் மதிக்கிறேன், அம்மா. ஆனால் அந்தச் சோதனையை நான் வேறு விதமாகப் படிக்கிறேன். அந்த அறையில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. கையில் ஒரு கடினமான கேள்வி இருந்திருந்தால் மனம் அதைப் பற்றிக்கொண்டிருக்கும். தனித்திருப்பதும் பழகினால்தான் வரும்.

கூர்முனை:
சரி, நேராகவே கேட்கிறேன். மூன்றாவது வரியில் நின்றுபோன அந்தத் தாளை யாரிடமாவது காட்டுவீர்களா?

நெடுவழி:
முடித்த பிறகு காட்டுவேன். பாதியில் காட்டினால் விடையைச் சொல்லிவிடுவார்கள். அதோடு என் தேடல் நின்றுவிடும்.

கூர்முனை:
நல்ல ஆசிரியர் விடையைச் சொல்லமாட்டார், இரண்டாவது வரியை மறுபடி படிக்கச் சொல்வார். பெரும்பாலும் தவறு அங்கேதான் இருக்கும்.